'வரேன்' என்று ஒரு பொத்தான்

அக்காவுக்கு வாய் நீளம் என்று யாராவது சொன்னால் அது அநியாயம். நீளமெல்லாம் இல்லை, அவசரம், அவ்வளவுதான். எதிரே இருப்பவர் ஒரு வார்த்தைக்குத் தடுமாறினால், அந்த வார்த்தையை எடுத்துக் கையில் கொடுக்காமல் அவளால் இருக்க முடியாது. வீட்டுக்கு வந்தவர் "அது வந்து..." என்று இழுத்தாலே போதும், அது எங்கிருந்து வந்தது, எப்போது போகும் என்பது வரை அவளே சொல்லி முடித்துவிடுவாள். அம்மா அவளுக்கு முந்திரிக்கொட்டை என்று பெயர் வைத்து வெகுகாலம் ஆகிறது. கல்யாணமாகி, தலையில் நாலு நரை எட்டிப் பார்த்த பிறகும் அந்தப் பெயர் உதிரவில்லை.

அப்படிப்பட்டவளுக்குப் போய், வாயை மூடிக்கொண்டு உட்காருவதே உத்தியோகமாக வாய்த்த வேடிக்கையைத்தான் சில வாரங்களாகப் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

புதிதாக வந்து உட்கார்ந்தவர்களுக்காக இரண்டு வரி. தம்பி வேலை செய்யும் சின்னக் கம்பெனியில்தான் அக்காவும் சேர்ந்தாள். போனுக்கு ஆப் செய்கிற கம்பெனி. முதலில் வரவேற்பு நாற்காலி. வருகிறவர்கள் எல்லாரும் அவளிடம் தண்ணீர் குடித்து முடிப்பதற்குள் குடும்பக் கதையைக் கொட்டுவதைப் பார்த்த மேலாளர், "இவங்களைச் சோதனை வேலைக்கு எடுத்துக்கலாமே" என்றார். ஆப் உருவாவதற்கு முன்பே அதன் திரைகளைத் தாளில் வரைந்து, நாளைக்கு அதைக் கையில் எடுக்கப் போகிறவர்கள் முன்னால் வைப்பார்கள். அவர்கள் எங்கே தடுக்கி விழுகிறார்கள் என்று பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். விழும்போது பிடிக்கக் கூடாது. அதுதான் விதி, வில்லங்கமும் அதுதான்.

போன வாரம் நடந்த முதல் சோதனையில் அக்கா எல்லாரையும் பிடித்தாள். பிடித்தது மட்டுமா, சிலருடைய விரலையே தூக்கிப் பொத்தான்மேல் வைத்தாள். எல்லாரும் தேறினார்கள். மேலாளர் பதிவைப் போட்டுப் பார்த்துவிட்டுச் சொன்னது ஒன்றுதான்.

"இதுல ஆப் பாஸாகல அக்கா. நீங்கதான் பாஸாகியிருக்கீங்க."

அவள் முகம் வாடியதைப் பார்த்து இன்னொரு நாள் கொடுத்தார். அந்த இன்னொரு நாள் இன்றைக்கு. இன்றும் வாய் முந்தினால் பழைய வரவேற்பு நாற்காலி அவளுக்காகக் காத்திருக்கிறது.

காலையில் வீடு வழக்கம்போல ரகளையாக இருந்தது. அக்காவின் வீட்டுக்காரர் பஸ் பணிமனையில் மெக்கானிக். காலணியை மாட்டிக்கொண்டே தன் பங்குக்கு ஒரு யோசனை சொன்னார்.

"வாய் நிறையத் தண்ணியை வெச்சுக்கிட்டு உக்காரு. துப்பவும் கூடாது, முழுங்கவும் கூடாது."

"அவ அப்பவும் கண்ணாலயே பேசுவா மாப்பிள்ளை," என்றாள் அம்மா. அம்மாவும் தம்பியும் அக்கா வீட்டோடுதான்.

"ரெண்டு பேரும் சேர்ந்துக்கிட்டீங்களா? நல்லா இருங்க!" அக்கா கைப்பையில் தாள்களை அடுக்கினாள். மேலாளர் சிவப்பு மையால் அடித்துத் திருத்திக் கொடுத்த கேள்விகள் மேலாக இருந்தன. முதலில் அவள் எழுதியது, 'வேலை முடிந்ததும் போறேன் பொத்தானை அமுக்குங்கள்.' மேலாளர் அதை அடித்துவிட்டு ஓரத்தில் எழுதியிருந்தார்: விடையைக் கேள்விக்குள் வைத்துக் கொடுத்தால் அவர்கள் எதைத் தேடுவார்கள்?

மாப்பிள்ளை வெளியே போகும்வரை காத்திருந்தது போல, தம்பி மெல்ல அக்கா பக்கத்தில் வந்து நின்றான்.

திரைகளை வரைந்தவன் அவன். நோயாளிகளை வீடு வீடாகப் போய்ப் பார்த்துக்கொள்ளும் ஆட்களை அனுப்புகிற ஒரு ஏஜென்சிக்கான ஆப் அது. இதுவரை அவன் மற்றவர்கள் வரைந்ததற்கு வர்ணம் தீட்டிக்கொண்டிருந்தான். முதல் கோட்டிலிருந்து கடைசிக் கோடு வரை அவனே போட்டது இதுதான். நாளைக் காலை ஏஜென்சி நிர்வாகி வந்து பார்க்கப் போகிறார்.

"அக்கா..."

"சொல்லு."

"யாராவது திணறினா, நீ பேச வேணாம். லேசா... லேசா..."

"கண்ணைக் காட்டணும், அதானே?" என்று முடித்தாள் அக்கா. முடித்த பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"ஆமா. கண்ணு போதும். விதியில வாயைத்தானே சொல்லியிருக்காங்க."

தெரியாதவர்கள் முன்னால் தம்பிக்கு வார்த்தை சிக்கும். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். வீட்டுக்குள் நன்றாகப் பேசுவான். வெளியாள் ஒருவர் வந்து நின்றால் முதல் எழுத்திலேயே நாக்கு ஒட்டிக்கொள்ளும். அதனால் நாளைக்கு நிர்வாகியிடம் அவன் வரைந்ததை விளக்கப் போவதும் அக்காதான் என்று பேச்சு. அவனுக்காகப் பேசுவது அவளுக்குப் புதிதா என்ன? பள்ளிக்கூடம், நேர்முகத் தேர்வுக்கு முந்தின தொலைபேசி, பல் டாக்டர், எல்லா இடத்திலும் அவள்தான் அவன் வாய்.

"பார்க்கலாம்," என்றாள். முடியாது என்று சொல்ல மனம் வரவில்லை.

சோதனை அறை ஒரு கட்டிலைப் போட்டால் நிறைந்துவிடும். ஒரு மேஜை, மூன்று நாற்காலி, ஒரு கூஜாத் தண்ணீர். மேஜைக்கு மேலே கையை மட்டும் பார்க்கிற மாதிரி ஒரு கேமரா. அது காட்டுவதைப் பக்கத்து அறையில் மேலாளரும் தம்பியும் உட்கார்ந்து பார்ப்பார்கள். சுவர்க் கண்ணாடி வழியே எட்டிப் பார்த்துக் கையாட்டவெல்லாம் முடியாது. அக்கா இங்கே தனி.

முதலில் வந்தது ஒரு இளம் நர்ஸ். கைப்பையை மடியிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"நாங்க உங்களைச் சோதிக்கல," என்று அக்கா மனப்பாடம் செய்ததைச் சொன்னாள். "இந்தத் தாளைத்தான் சோதிக்கிறோம். போன்ல அமுக்கற மாதிரி இதுல விரலை வைங்க, நான் அடுத்த தாளை எடுத்து வைப்பேன். மனசுல தோணுறதை எல்லாம் வாய்விட்டுச் சொல்லுங்க. கையைப் படம் பிடிக்கிறோம், பேச்சைப் பதிவு செய்யறோம். வேணாம்னு தோணினா எப்ப வேணும்னாலும் எழுந்துக்கலாம். சரிதானா?"

சரி என்றாள் நர்ஸ்.

"நாளைக்குக் காலையில ஒரு வீட்டுக்கு உங்களைக் கூப்பிடறாங்க. உங்களுக்கும் தோதுப்படுது. என்ன செய்வீங்க?"

முதல் தாளில் வீட்டு விலாசமும் நேரமும் இருந்தன. கீழே இரண்டு பொத்தான், 'வரேன்', 'முடியாது'. நர்ஸ் யோசிக்கவே இல்லை, வரேனில் விரலை வைத்தாள். அடுத்த தாளில் 'வந்துட்டேன்'. அதையும் கண்ணிமைப்பதற்குள் தொட்டாள். பக்கத்து அறையில் தம்பி நிமிர்ந்து உட்கார்ந்திருப்பான் என்று அக்கா நினைத்துக்கொண்டாள். கல்லு மாதிரி 'உறுதி செய்', 'வெளியேறு' என்று போடாமல், ஜனங்கள் பேசுகிற வார்த்தையையே பொத்தானில் போடுவது அவனுடைய ஆசை. அதில் அவனுக்கு ஏகப் பெருமை.

"வேலை முடிஞ்சிடுச்சு. அந்த வீட்டிலேருந்து கிளம்பறீங்க. அதை ஆபீஸுக்குத் தெரியப்படுத்தணும்."

மூன்றாவது தாளில் மேலே 'போறேன்' என்று ஒரு பொத்தான். கீழே ஒரு கட்டத்துக்குள் அடுத்த வீட்டு அழைப்பும், அதற்கான 'வரேன்' பொத்தானும். நர்ஸின் விரல் மேலிருந்து கீழே இறங்கி 'வரேன்' மேல் உட்கார்ந்தது.

அக்காவுக்கு நாக்கு நமநமவென்றது. அதில்லைம்மா, மேலே! தண்ணீரை எடுத்து ஒரு வாய் குடித்தாள். அடுத்த தாளை எடுத்து வைத்தாள். 'நன்றி! அடுத்த வீட்டுக்கு உங்கள் பெயர் பதிவாகிவிட்டது.'

"என்னது? நான் கிளம்பறேன்னு சொல்றேன், இது என்னை இன்னொரு வீட்டுக்கு அனுப்புதே!" நர்ஸ் சிரித்துவிட்டாள்.

சின்னப் பெண், அவசரத்தில் அமுக்கியிருப்பாள் என்று அக்கா தன்னைத் தேற்றிக்கொண்டாள். கடைசியில் "வேற ஏதாவது சொல்லணுமா?" என்று கேட்டுக்கொண்டே தாள்களைச் சேர்த்து, அடுத்த ஆளைக் கூப்பிட எழுந்தாள்.

இரண்டாவதாக வந்தவர் நோயாளிகளைத் தூக்கி உட்கார வைக்கிற உதவியாளர். கதவை அடைத்த மாதிரி ஆகிருதி, குரல் மட்டும் பூனைக்குட்டி. தாளை எங்கே கிழித்துவிடுவோமோ என்று ஒற்றை விரலை மிதக்க விட்டபடி இருந்தார். மூன்றாவது தாள் வந்தது. விரல் 'போறேன்' பக்கம் போனது, நின்றது, திரும்பியது.

"இதை அமுக்கவாம்மா?"

இந்த இடத்துக்குத்தான் மேலாளர் அவளைத் தனியாக உட்கார வைத்துப் பழக்கியிருந்தார். கேள்வி வந்தால் அதைப் பதமாகத் திருப்பிக் கொடுக்க வேண்டும்.

"நான் பக்கத்துல இல்லைன்னு வெச்சுக்குங்க அண்ணே. தனியா இருந்தா என்ன செய்வீங்க?"

அவர் யோசித்தார். மேலே தொங்கிய மின்விசிறியைப் பார்த்தார். திரும்பவும் தாளைப் பார்த்தார். கண்ணைக் காட்டினால் போதும், ஒரே ஒரு முறை மேல் பொத்தானைப் பார்த்தால் இந்த மனுஷன் பிடித்துக்கொள்வார் என்று அக்காவுக்குத் தெரியும். தம்பி காலையில் நின்ற நிலையும் கண்ணுக்கு முன்னால் வந்தது. அவள் தன் கட்டைவிரல் நகத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்தாள். வாழ்க்கையில் அந்த நகத்தை அவ்வளவு நேரம் பார்த்ததில்லை.

"சொல்லிட்டுத்தானே கிளம்பணும்," என்று அவர் தனக்குத் தானே சொல்லிக்கொண்டு 'வரேன்' மேல் விரலை வைத்தார்.

அடுத்த தாளைப் பார்த்ததும் முகம் வெளிறிவிட்டது. "ஐயோ, தப்பு பண்ணிட்டேனா? எனக்கு இந்த போன் சமாச்சாரமெல்லாம் அவ்வளவா..."

"நீங்க தப்பே பண்ணல அண்ணே. தாள்தான் தப்பு பண்ணுது. அதைக் கண்டுபிடிக்கத்தான் உங்களைக் கூப்பிட்டோம்."

இதை மனப்பாடமாகச் சொல்லவில்லை, மனசாரச் சொன்னாள். அவரும் நிம்மதியாகச் சிரித்துவிட்டுப் போனார்.

மூன்றாவதாக வந்த மூத்த நர்ஸ் வந்தவுடனேயே தாள்களை நேராக அடுக்கி வைத்தார். நின்று நிதானமாகப் படித்தார். மூன்றாவது தாளில் 'போறேன்' என்பதைத் தெளிவாகப் பார்த்தார், பார்த்துவிட்டுக் கையை மடித்துக்கொண்டார்.

"இதுதான் இருக்கும்னு தெரியுது. ஆனா நான் அமுக்க மாட்டேன்."

'ஏன்' என்று கேட்பதற்குள் அக்கா தன்னை அடக்கிக்கொண்டாள். அவராகச் சொல்லட்டும்.

"படுத்திருக்கறவங்க வீட்டுல நின்னுக்கிட்டு யாராவது போறேன்னு சொல்லுவாங்களா? இத்தனை வருஷத்துல ஒரு வீட்டுலகூட நான் அந்த வார்த்தையைச் சொன்னதில்ல. வரேன்னுதான் சொல்லிட்டு வருவேன். வாயால சொல்லாததை விரலால சொல்வேனா?"

அக்காவுக்கு, கண்டுபிடித்துவிட்டோம் என்ற குஷி ஒரு பக்கம். கண்டுபிடித்தது தம்பியின் தப்பு என்ற சங்கடம் ஒரு பக்கம். மூத்த நர்ஸிடமும் கடைசிக் கேள்வியைக் கேட்டுத் தாள்களை வாரிக்கொண்டு எழுந்தபோது, கதவுக்கு வெளியே காலடிச் சத்தம் கேட்டது.

தம்பி நடைவழியில் டீ மெஷின் பக்கத்தில் நின்றிருந்தான். டம்ளர் காலியாக இருந்தது.

"கண்ணையாவது காட்டியிருக்கலாம்."

"காட்டியிருந்தா அந்த அண்ணன் சரியா அமுக்கியிருப்பாரு. அப்புறம் யாரோ ஒரு வீட்டு வாசல்ல நின்னு தப்பா அமுக்குவாரு. அங்கே நான் இருக்க மாட்டேனே."

"சின்ன வயசுலேருந்து நான் பேச ஆரம்பிச்சதை எல்லாம் நீதானே முடிச்சே. கேட்காமலே முடிச்சே. இன்னிக்குக் கேட்டேன். இன்னிக்கு மட்டும் முடியாதா?"

சுருக்கென்றது. அவன் சொன்னதில் பொய் இல்லை. பதில் அவளிடம் தயாராக இருந்தது. உன் நல்லதுக்குத்தான், நீ வரைந்தது நல்லாத்தான் இருக்கு, ஒரு வார்த்தைதானே, மாற்றிவிடலாம் என்று மூச்சுவிடாமல் சொல்லி, முதுகில் தட்டி, டீ ஊற்றிக் கொடுத்து அனுப்பிவிடலாம். எப்போதும் அப்படித்தான் செய்வாள்.

காலையிலிருந்து வாயைக் கட்டிப் பழகியதாலோ என்னவோ, இப்போதும் சும்மா நின்றாள்.

தம்பி டம்ளரை உருட்டினான். அவள் பேசுவாள் என்று காத்திருந்தான். அவள் பேசாததால் அவனே பேச வேண்டியதாயிற்று.

"எனக்குத்தான் பேச வராது. என் ஆப்பாவது மனுஷங்க மாதிரி பேசட்டும்னு நினைச்சேன்."

அக்கா அப்போதும் சும்மா இருந்தாள்.

"ஆனா ஜனங்க எப்படிப் பேசறாங்கன்னு நான் கேட்டதே இல்ல. போறதுன்னா போறேன், வரதுன்னா வரேன். கணக்கு மாதிரி போட்டுட்டேன்." டம்ளரை மெஷின்மேல் வைத்தான். "அந்த நர்ஸம்மா போறேன்னு சொல்ல மாட்டேன்னு கையை மடிச்சாங்க பாரு, அப்ப எனக்கே அந்தப் பொத்தான்மேல கோவம் வந்துச்சு."

இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. தடித்த பேனா ஒன்றை எங்கிருந்தோ பிடுங்கிக்கொண்டு வந்தான். நின்ற இடத்திலேயே, சுவரில் மூன்றாவது தாளை வைத்து, 'போறேன்' மேல் ஒட்டுத்தாள் ஒட்டி 'வேலை முடிஞ்சுது' என்று எழுதினான். கீழே இருந்த 'வரேன்' மேல் 'இந்த வீட்டுக்கு நான் தயார்'.

"நீளமா இருக்கே?" என்று கேட்டான்.

"எனக்கென்ன தெரியும்? உள்ளே வர்றவங்களைக் கேட்போம்." பிறகு ஏதோ தோன்றியவளாக, "நீயும் வந்து உக்காரு. குறிப்பெடு. ஆனா ஒண்ணு..." என்றாள்.

"வாயைத் திறக்கக் கூடாது," என்று முடித்தான் தம்பி.

கடைசியாக வந்தவள் படுத்த படுக்கையாக இருப்பவர்களைக் கவனித்துக்கொள்ளும் பெண். வேலையிலிருந்து நேராக வந்திருந்தாள், கையில் சோப்பு வாசனை. மேஜை மூலையில், அக்காவை ஒட்டி, தாளும் பேனாவுமாகத் தம்பி ஒடுங்கி உட்கார்ந்திருந்தான். மூன்றாவது தாள் வந்ததும் அவன் மூச்சுவிடுவதை நிறுத்திவிட்டதாக அக்காவுக்குத் தோன்றியது.

அந்தப் பெண் படித்தாள். 'வேலை முடிஞ்சுது' மேல் விரலை வைத்தாள். அவ்வளவுதான். எந்தத் திணறலும் இல்லை.

தம்பி பாதி எழுந்துவிட்டான். அக்கா திரும்பிப் பார்த்ததும், இருமுவது போல நடித்துவிட்டு உட்கார்ந்தான்.

"வேற ஏதாவது சொல்லணும்னு தோணுதா?"

"இல்லைங்க..." என்று இழுத்தாள் அந்தப் பெண்.

அக்காவின் கை வழக்கம்போலத் தாள்களை நோக்கிப் போனது. பாதி வழியில் அவளுக்கே உறைத்தது. காலையிலிருந்து இந்தக் கேள்வியைக் கேட்ட கையோடு எழுந்துகொண்டிருக்கிறோமே! வாயைக் கட்டினாளே தவிர, கையைக் கட்டவில்லை. விருந்தாளியிடம் இன்னும் கொஞ்சம் சாப்பிடுங்கள் என்று சொல்லிக்கொண்டே தட்டை எடுத்தால் யார் சாப்பிடுவார்கள்? கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

தம்பி ஏதோ கேட்க வாயெடுத்தான். மேஜைக்கு அடியில் அக்கா அவன் காலை மிதித்தாள்.

"ஒண்ணு கேட்கலாமா?" என்றாள் அந்தப் பெண் கடைசியில். "வீட்டுக்குள்ளே போனதும் போனை வாசல்லயே வெச்சுடணும்னு எங்க ஏஜென்சியிலயே சொல்லியிருக்காங்க. நோயாளியைப் படம் எடுத்துடுவோம்னு சில வீட்டுல பயப்படறாங்க இல்ல? வேலை முடிஞ்சு வெளிய வரும்போதுதான் போன் கைக்கு வரும். அப்போ இந்த 'வந்துட்டேன்' எல்லாம் நான் எப்ப அமுக்கறது?"

தம்பியின் பேனா நின்றுவிட்டது.

"நீங்க உள்ளே இருக்கும்போது போன் கையில இருக்கவே இருக்காதா?" என்று கேட்டாள் அக்கா.

"இருக்காதுங்க. யாருக்குமே இருக்காது. இது உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும்னு நினைச்சேன்."

தெரியாது. ஏஜென்சி நிர்வாகி சொல்லவில்லை, இவர்களும் கேட்கவில்லை. திரைகளில் முக்கால்வாசி வீட்டுக்குள் நின்று அமுக்க வேண்டியவை.

அந்தப் பெண்ணை வாசல்வரை கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தபோது, மேலாளர் சோதனை அறைக்கே வந்திருந்தார். கோபமாக இருப்பார் என்று அக்கா நினைத்தாள். அவர் அன்று கண்ட தவறுகளை எழுதிச் சுவர் முழுக்க ஒட்டுத்தாள்களை ஒட்டி முடித்துவிட்டுக் கையைத் தட்டிக்கொண்டிருந்தார்.

"புரோகிராம் எழுத ஆரம்பிச்ச பிறகு இது தெரிஞ்சிருந்தா, நாம எல்லாரும் தலையில துண்டு போட்டுக்கிட்டுத்தான் போயிருக்கணும். இப்ப தாள்தானே? கிழிச்சுப் போட்டுட்டு வேற வரையலாம்." பிறகு அக்காவைப் பார்த்தார். "வரவேற்புக்கு வேற ஆள் பார்க்கச் சொல்லிட்டேன் அக்கா. நீங்க இனிமே இங்கேதான்."

அக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது. நன்றி சொல்லத் தெரியாமல், கூஜாவை எடுத்து எல்லாருக்கும் தண்ணீர் ஊற்றினாள். இத்தனை நாள் பேசிப் பேசிக் கிடைக்காத பேர், ஒரு நாள் பேசாமல் இருந்ததில் கிடைத்திருக்கிறது. வீட்டுக்குப் போய் முதலில் அம்மாவிடம் சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொண்டாள்.

அந்த நினைப்பு முடிவதற்குள் அறைக் கதவு திறந்தது.

"இந்தப் பக்கம் ஒரு வேலை இருந்தது. நாளைக்கு வர்றதை இன்னிக்கே பார்த்துடலாமேன்னு வந்துட்டேன்." ஏஜென்சி நிர்வாகி. நல்ல உயரமான அம்மாள், பேச்சிலும் நடையிலும் ஒரு விறைப்பு. சுவரில் இருந்த ஒட்டுத்தாள்களை ஒரு சுற்றுப் பார்த்தார். "என்ன, எங்க ஆளுங்க எல்லாரும் பாஸா?"

மேலாளர் அக்காவைப் பார்த்தார். பேசப் போவது அவள்தான் என்று ஏற்கெனவே முடிவானதுதானே. அக்கா எழுந்திருக்க நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளினாள். அதற்கு முன் தம்பி எழுந்துவிட்டான்.

"நா... நான் சொல்றேன்."

அக்கா உட்கார்ந்தாள்.

"உங்க ஆளுங்க எல்லாரும் பாஸ் மேடம். பாஸாகாதது..." நாக்கு ஒட்டிக்கொண்டது. காது மடல் சிவந்தது. "பாஸாகாதது..."

அறையில் எல்லாரும் காத்திருந்தார்கள். அக்காவின் வாயில் அடுத்த வார்த்தை உருண்டுகொண்டு தயாராக நின்றது. 'எங்க சில பொத்தான்தான் மேடம், சின்னத் திருத்தம், ரெண்டே நாள்ல சரி பண்ணிடுவோம்.' பதமாக, பணிவாக, யார் மனமும் நோகாத மாதிரி. சொன்னால் அவன் காது பழைய நிறத்துக்கு வந்துவிடும். பற்களை இறுக்கிக் கடித்துக்கொண்டு, அவன் முகத்தைப் பார்க்காமல் தரையைப் பார்த்தாள்.

"...என் திரையில ஒரு பொத்தான்," என்றான் தம்பி. மூச்சு வாங்கினான். குரல் இறங்கவில்லை. "அப்புறம் உங்க விதி ஒண்ணு. போனை வாசல்ல வைக்கச் சொல்ற விதி. அது இருக்கிற வரைக்கும் இந்த ஆப்பை நீங்க வாங்கக் கூடாது. நானே தர மாட்டேன்."

மேலாளரின் டம்ளர் வாய்க்குப் பாதி தூரத்தில் நின்றது. நிர்வாகி தம்பியை மேலும் கீழும் பார்த்தார். பிறகு கைப்பையை மேஜைமேல் வைத்துவிட்டு, ஒரு நாற்காலியை இழுத்து அவன் எதிரே போட்டு உட்கார்ந்தார்.

"என் விதியா? சொல்லு, கேட்கிறேன்."

அக்காவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவளாக இருந்தால் இந்த வார்த்தைகளைச் சொல்லியே இருக்க மாட்டாள். இதில் பாதியைக்கூடச் சொல்லியிருக்க மாட்டாள். இத்தனை வருஷம் அவனுக்காக அவள் முடித்து வைத்த பேச்சில் எத்தனை அவனுடைய பேச்சு என்று, முதல் முறையாக, அவளுக்குச் சந்தேகம் வந்தது.